சியாவுலா கணிதப் புத்தகம்: காசு வேண்டாம், டேட்டா வேண்டும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த கணக்குப் புத்தகம் இரண்டு பேருக்கு ஒன்று, அதனால் நான்தான் சியாவுலா புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். சியாவுலா என்றால் ஜூலு மொழியில் 'திறக்கிறோம்' என்று அர்த்தம், பெயருக்கு ஏற்ற மாதிரி யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், நகலெடுத்து அடுத்த பிள்ளைக்கும் கொடுக்கலாம். 2012-இல் அரசே இந்தப் புத்தகங்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, உள்ளே செய்து காட்டியிருக்கும் கணக்குகள். பரவளையப் பாடத்தில், x²-க்கு முன்னால் வரும் a என்ற எண்ணின் குறி மாறினால் வளைவு ஏன் கவிழ்கிறது என்று படிப்படியாக வருகிறது. அவள் அதைப் பார்த்து நோட்டில் நாலு வளைவு வரைந்துவிட்டு, "ஆன்ட்டி, இப்ப புரியுது" என்றாள். இதுவரை டியூஷனுக்குப் போனதே இல்லை அந்தப் பிள்ளை.

ஆனால் படிப்பது அவள் ஆயாவின் போனில், திரையில் குறுக்கே விரிசல், பின்னத்தின் கீழ் எண் தெரிய விரலால் பெரிதாக்கிக்கொண்டே இருக்கிறாள். முப்பது ரேண்டுக்கு வாங்கும் டேட்டா வாரக் கடைசிக்குள் தீர்ந்துவிடும், மாத முடிவில் அதுவும் கிடையாது. அதனால் நூலக வைஃபையில் மொத்தமாக இறக்கி வைத்தோம், அப்புறம் தேவையான பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டில் நல்ல போன் இல்லாத பிள்ளைக்கு இதுதான் சரியான வழி.

புத்தகத்துக்கு ஐந்துக்கு ஐந்து தாராளமாகக் கொடுப்பேன். அடுத்த வாரம் அறிவியலையும் இறக்கப் போகிறோம்.