மாதம் 600 ரூபாய், ஒற்றைக் கண் பூனை: ஐந்து வருட ஸ்பான்சர் அனுபவம்

எங்கள் வீட்டில் பூனை வளர்க்க வழியில்லை. அம்மாவுக்கு இளைப்பு. அதோடு வீட்டுக்கார மாமா மொட்டை மாடியில் நெத்திலி காயப்போடுகிறவர். இரண்டுமே நியாயமான காரணங்கள்தான். 2020 ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தபோது, வெளியூர்க் காப்பகம் ஒன்று 'ஒரு பூனைக்கு ஆதரவு தாருங்கள்' என்று கேட்டிருந்ததைப் பார்த்தேன். மாதம் 500 ரூபாய். யுபிஐ ஆட்டோபே போட்டுவிட்டேன்.

"என்ன மக்ளே, பூச்சைக்கு மாசச் சம்பளம் குடுக்கியா?" என்றார் அம்மா. நாகர்கோவிலில் இன்னும் பல வீடுகளில் பூனை பூச்சைதான்.

நான் தேர்ந்தெடுத்தது வெள்ளை, கருப்பு, செம்பட்டை மூன்றும் கலந்த ஒரு பூனை. பெயர் போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது, ஓரத்தில் பாதத் தடம் வேறு. மாதாமாதம் படமும் இரண்டு வரிச் செய்தியும். ஒரு வருடம் போல சந்தோஷமாகத்தான் போனது. அப்புறம் ஒரு மாதம் "அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், சேட்டை அதிகமாகிவிட்டது" என்று வந்தது. மூவண்ணப் பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். செம்பட்டையா கருப்பா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டு நிறமும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும். கடுவன் அபூர்வத்திலும் அபூர்வம். யாரோ அவசரத்தில் வேறு பூனையின் செய்தியை ஒட்டிவிட்டார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் சந்தேகம் வந்த கை சும்மா இருக்காதே. பழைய படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏப்ரலில் வந்த படம், ஜூனில் வந்தது, செப்டம்பரில் வந்தது என்று மூன்றிலும் பூனைக்குப் பின்னால் சுவரில் ஒரு நாள்காட்டி, தினமும் தாள் கிழிக்கிற வகை. மூன்றிலும் பிப்ரவரி 12, வெள்ளி.

கேட்டேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. பூனை மார்ச் முதல் வாரமே இறந்துவிட்டதாம்; "உங்கள் ஆதரவு மற்ற பூனைகளுக்குத் தொடர்ந்து பயன்படுகிறது" என்றும் எழுதியிருந்தார்கள்.

அவர்கள் பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மற்ற பூனைகளுக்குப் போயிருக்கும் என்றே நம்புகிறேன். எனக்கு ஆறாதது வேறு. செத்துப்போன ஒன்றின் சேட்டையைப் படித்து ஆறு மாதம் நான் சிரித்திருக்கிறேன். ஆட்டோபேயை நிறுத்த அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை, நம் யுபிஐ செயலிக்குள்ளேயே ரத்து செய்யலாம். பணம் பிடிப்பதற்கு முந்தைய நாள் வருகிற அறிவிப்பைப் பார்த்ததும் அதைத்தான் செய்தேன்.

இரண்டாவது இடம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே. 2022 ஜனவரியில் அலுவலக அண்ணன் ஒருவர் சொல்லித்தான் போனேன். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்குள். நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி, குலசேகரத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அறுபது பூனை, சில நாய், எதற்கென்றே தெரியாமல் ஒரு வான்கோழி.

கேட்டிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு தட்டில் இருந்த பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னார் அக்கா. எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பூனை பார்க்க வந்தவரை நோயாளி மாதிரி நடத்துகிறார்களே என்று. காரணத்தை அப்புறம் சொன்னார். முந்தின வருடம் ஒரே வாரத்தில் பதினோரு குட்டிகள் போயின. பார்வோ வகைக் கிருமி, வெள்ளை அணுக்களை அழித்துவிடும், குட்டிகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டுவிடும். மண்ணிலும் கூண்டிலும் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும், பிளீச்சிங்குக்குத்தான் அடங்கும். தடுப்பூசி உண்டு, ஆனால் சாக்கில் கட்டிச் சந்தை வாசலில் போட்டுவிட்டுப் போன குட்டிக்கு ஊசி வேலை செய்ய அவகாசம் எங்கே? அதனால் புதிதாக வருகிற எதையும் தனிக் கூண்டில்தான் வைக்கிறார்கள்.

"எதை எடுத்துக்கலாம் அக்கா?" என்றேன்.

"ஃபோட்டோவுல அழகா விழுகிற பூச்சைக்கெல்லாம் ஆள் இருக்கு. அதைப் பாரு" என்று கொட்டகையின் மேல் கிடந்த ஒன்றைக் காட்டினார். கருப்புக் கடுவன், இடது கண் இல்லை. குட்டியில் வந்த சளிக் காய்ச்சலில் கண் புண்ணாகி எடுக்க வேண்டியதாயிற்றாம். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போன ஆள், மரத்தடியில் ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டைக்கு (தேங்காய் ஓட்டுக்கு) பக்கத்தில் சுருண்டு கிடந்ததை எடுத்து வந்திருக்கிறார். அதனால் பெயர் சிரட்டை.

பணம் பற்றி அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். "பேருதான் சிரட்டைக்கு. சட்டி ஒண்ணுதான், எல்லாம் அதுலதான் தின்னும். அது சரின்னா குடு, இல்லன்னா வேண்டாம்." மாதம் 600. ஆட்டோபே எல்லாம் கிடையாது, ஐந்தாம் தேதி ஜிபேயில் நானே அனுப்ப வேண்டும். ஒரு நீள நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவார். அதுதான் ரசீது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். படம் வருவது அபூர்வம். வந்தாலும் பாதி வால்தான் இருக்கும். தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது. பார்க்கப் போக வேண்டுமென்றால் இரண்டாம் சனி மட்டும். 80ஜி பதிவு இல்லை, ஆகவே வருமான வரிக் கழிவும் இல்லை. அது முக்கியம் என்றால் வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழ் தருகிற அறக்கட்டளையைத் தேடுங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் அந்தக் கழிவு கிடையாது, நான் கவலைப்படவில்லை. இன்னொன்று, இந்த இரண்டேமுக்கால் வருடத்தில் சிரட்டை என் கையை முகர்ந்தது இரண்டு தடவை. இரண்டாவது தடவை என் கையில் மீன் நாற்றம் இருந்தது.

600 ரூபாய் எங்கே போகிறது என்பதை நான் புரிந்துகொண்டது மீன்பிடித் தடைக்காலத்தில். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடை உண்டல்லவா. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது. சாளை (மத்தி) விலை ஏறிவிடும். மற்ற மாதங்களில் மலிவாகக் கிடைக்கிற சாளையை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடுவார்கள். பச்சையாகப் போட மாட்டார்கள். சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். தடைக்காலத்தில் கோழி ஈரலும் கோழித் தலையும்தான். வெறும் தயிர்சோறு போட்டுச் சமாளிக்கக் கூடாதா என்று நானே கேட்டிருக்கிறேன். கூடாதாம். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தானே செய்துகொள்ளாது, அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் கண்ணும் போகும், இதயமும் பழுதாகும். அந்த நோட்டில் மே, ஜூன், ஜூலைப் பக்கங்களில் மட்டும் சிவப்பு மை அதிகம். 2023இலிருந்து அந்த மூன்று மாதமும் நான் 800 அனுப்புகிறேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு வருடம் மாதப் பணத்துக்கு மேல் 3,000 ரூபாய் தந்தேன், சந்தையில் திரிந்த பெட்டைப் பூனைகளுக்குக் கருத்தடை செய்ய. செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். நான்கைந்து மாதத்திலேயே சினையாகி, இரண்டு மாதத்தில் ஈன்றுவிடுகிற ஜாதி இது. கொடுத்ததிலேயே உருப்படியான பணம் அதுதான் என்று தோன்றுகிறது. படமாகப் போட்டுக் காட்ட அதில் ஒன்றும் இல்லை, அதனால் ஸ்பான்சரும் கிடைப்பதில்லை.

2024 செப்டம்பரில் சிரட்டை தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை என்று அக்கா செய்தி அனுப்பினார். வயசான பூனை தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள், பெரும்பகுதி போயிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கடியில் குளுக்கோஸ் மாதிரி ஒரு திரவம் ஏற்றினார்கள். அக்டோபர் சனிக்கிழமை நான் போனபோது, சாக்கு விரித்த அட்டைப்பெட்டியில் இருந்தது. முதுகில் ஊசி ஏற்றிய இடம் தண்ணீர்ப் பை மாதிரிப் புடைத்திருந்தது. இருக்கிற ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நவம்பர் 18, திங்கட்கிழமை, இரவு ஏழரை இருக்கும். மழை. அக்காவின் அழைப்பு. சிக்னலுக்காகத் தார்ரோடு வரை நடந்து வந்து பேசினார். "சிரட்டை நாலு மணிக்குப் போயிட்டு. இன்னைக்கே சொல்லணும்னு வந்தேன்" என்றார். சத்தமெல்லாம் மழையாக இருந்தது. வேறு என்ன பேசினோம் என்று நினைவில்லை.

இரண்டு நாள் கழித்து நோட்டுப் பக்கத்தின் படம் வந்தது. சட்டி ஒன்றுதான் என்று சொன்ன அதே அக்காவின் கையெழுத்து: 'சிரட்டை, 18 வரை, 360. மீதி 240 வெள்ளச்சிக்கு.'

வெள்ளச்சி யாரென்று டிசம்பர் சனிக்கிழமை போய்த்தான் பார்த்தேன். பின்னங்கால் ஒன்று வராது. கடிக்கும்.