389 வெள்ளி போச்சு: ‘48 வோல்ட்’ பேட்டரி டிரில் வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

சனிக்கிழமை 389 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ரொக்கமா எண்ணிக் கொடுத்து வாங்கின டிரில். இன்னைக்கு வியாழன். ரெண்டு பேட்டரியில ஒண்ணு செத்துப் போச்சு, இன்னொண்ணு செங்கல் சுவத்துல அஞ்சாறு ஓட்டைக்கு மேல தாங்கல. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

கடைப் பேரு வேணாம். டவுன்ல உரம், களைக்கொல்லி, பெயிண்ட், குழாய், செம்பனைக் குலை வெட்டுற அரிவாள் எல்லாம் ஒண்ணா விக்கிற ஹார்ட்வேர் கடை வகை. சுத்துத் தோட்டத்து ஆளுங்க சம்பளம் வாங்கினா நேரா போற மாதிரி கடைதான். பெட்டி மேல பெருசா ‘48விஎஃப்’, கீழ ‘6000 மில்லி ஆம்ப் மணி, ரெண்டு பேட்டரி’, ‘பிரஷ்லெஸ்’ (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்), ‘13 மில்லிமீட்டர் சக்’ (பிட்டைக் கவ்வுற வாய்).

நம்ப வச்ச விதத்தைச் சொல்லணும், ஏன்னா உங்ககிட்டயும் இதையேதான் செய்வாங்க. கடைக்காரன் பெட்டியைப் பிரிச்சு, கண்ணு முன்னாலயே பேட்டரியை மாட்டி, 6 மில்லிமீட்டர் பிட் போட்டு ஒரு மெரந்திப் பலகையில டக்கு டக்குனு நாலு ஓட்டை. “பாத்தீங்களாண்ணே, வெண்ணெய் மாதிரி போகுது. பேட்டரி எப்ப மக்கர் பண்ணாலும் தூக்கிட்டு வாங்க, நான் எங்க போயிடப் போறேன்?” அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் பணம் கைமாறுச்சு. ரிசீட்ல ‘பேட்டரி 1 வருசம்’னு எழுதச் சொல்லணும்னு தோணல. பலகையில சின்ன பிட் இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி. முழுசா சார்ஜ் ஏத்தின எந்தக் குப்பை பேட்டரியும் அதைத் தாங்கும். 25 மில்லிமீட்டர் பிட்டோ, நாலு அங்குல தடி ஸ்குருவோ போட்டு, பாரம் கொடுத்துப் பாத்திருந்தா அங்கயே மூச்சு வாங்கியிருக்கும். இது தெரிஞ்சும் செய்யாம வந்தது என் தப்புதான், அதுக்காக அவன் செஞ்சது நியாயமாயிடாது.

திங்கக்கிழமை போன் பண்ணா, “புது பேட்டரிண்ணே, முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ்ல போட்டு வைங்க, ராத்திரி முழுக்க விட்டாலும் ஒண்ணும் ஆகாது.” செவ்வாய் நேர்ல போனா, “ஏஜென்ட் வியாழக்கிழமை வருவாரு, வச்சிட்டுப் போங்க.” வச்சிட்டு வரமாட்டேன்னதும் முகம் மாறிப்போச்சு. புதன்கிழமை, “வாரண்டி மெசினுக்குத்தான் பாஸ். பேட்டரி தேயிற சாமான், அதுக்குக் கிடையாது.” ரிசீட்டைத் திருப்பி அடியில அடிச்சிருந்த சாப்பை (முத்திரையை) காட்டுறான்: வித்த சாமான் திருப்பி எடுக்கப்படாது. அதோட நிக்கல, “வேணும்னா புது பேட்டரி 95 வெள்ளி, உங்களுக்காக 85க்குத் தரேன்.” 389 வெள்ளி வாங்கின வாயால!

அன்னைக்கு ராத்திரியே செத்த பேட்டரியைப் பிரிச்சேன். (இன்னொண்ணை வேணும்னே பிரிக்காம வச்சிருக்கேன். புகார் கொடுக்க நினைக்கிறவங்க ரெண்டையும் திறந்துடாதீங்க, அப்புறம் ‘நீங்கதான் கெடுத்தீங்க’ன்னுடுவான்.) கூடு பத்து செல்லு வைக்கிற அளவுக்குப் பெருசு. உள்ள இருந்தது அஞ்சு. மேல் வரிசையில செல்லுக்குப் பதிலா வெறும் பிளாஸ்டிக் தாங்கி. அஞ்சு செல்லும் 18650 சைஸ், அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம். நீல உறை, மேல ஒரு எழுத்து கிடையாது. ஒண்ணோட முனையில பழைய வெல்டிங் பிச்செடுத்த புள்ளி இருந்துச்சு. பழைய லேப்டாப் பேட்டரியிலயோ எதுலயோ கழட்டி, புது உறை மாட்டினது.

இப்ப கணக்குப் போடுங்க. லித்தியம் செல்லு ஒண்ணு 3.6 வோல்ட். அஞ்சை வரிசையா கோத்தா 18. முழு சார்ஜ்ல ஒவ்வொண்ணும் 4.2, மொத்தம் 21. டிவால்ட் ‘20 வோல்ட் மேக்ஸ்’னு போடுறதும் இதே அஞ்சு செல்லுதான், ஏமாத்து இல்ல, முழு சார்ஜை ஒட்டி எழுதுறாங்க. ஆனா 48 வோல்ட் வேணும்னா 13 செல்லு வரிசையா இருக்கணும். பெட்டியில இருக்கிற ‘விஎஃப்’ங்கிற ரெண்டு எழுத்துக்கு எந்த அளவும் கிடையாது. 88விஎஃப், 128விஎஃப் எல்லாம் இதே அஞ்சு செல்லுக்கு வேற வேற ஸ்டிக்கர்.

6000 மில்லி ஆம்ப் மணியும் (பேட்டரி பிடிக்கிற சார்ஜோட அளவு, அதாவது 6 ஆம்ப் மணி) அதே கதை. டிரில் மாதிரி கரண்ட் இழுக்கிற வேலைக்குச் செய்யிற நல்ல 18650 செல்லே 1500லேருந்து 3000 வரைக்கும்தான். அஞ்சு செல்லு ஒரே வரிசையில இருந்தா பேட்டரியோட அளவும் அவ்வளவேதான். 6000 வேணும்னா பத்து செல்லு, அதுவும் ஒசத்தியான செல்லு. பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு எடை: செல்லு ஒண்ணு 45 கிராம் சொச்சம். மக்கிட்டாவோட 5 ஆம்ப் மணி பேட்டரி, பத்து செல்லு, 600 கிராமுக்கு மேல இருக்கும். இது மளிகைக்கடைத் தராசுல 340 கிராம். இன்னொண்ணு சார்ஜ் நேரம்: சார்ஜர் முதுகுல ‘21 வோல்ட் 1 ஆம்ப்’னு போட்டிருக்கு. காலி பேட்டரி 6 ஆம்ப் மணியா இருந்தா ஆறு மணி நேரத்துக்கு மேல பிடிக்கணும். இதுல 1 மணி 20 நிமிசத்துல பச்சை விளக்கு எரியுது. அப்படின்னா உள்ள போனது 1.3தான். ஆறுன்னு சொல்லி வித்தது!

மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன். மொத்தமா 16.86 வோல்ட் காட்டுது, பாத்தா சார்ஜ் இறங்கிப்போன நல்ல பேட்டரி மாதிரி. தனித்தனியா வச்சா 3.86, 3.88, 3.85, 3.87, அஞ்சாவது 1.4. ஒரு செல்லு செத்தா போதும், வரிசை மொத்தமும் படுத்துடும். பேட்டரிக்குள்ள இருக்கிற சர்க்கிட் போர்டுல ஒவ்வொரு செல்லையும் தனியா கண்காணிக்கிற மெல்லிசுக் கம்பி ஒண்ணுகூட இல்ல, பிளஸ்ஸும் மைனஸும் மட்டும். சார்ஜருக்கு 21 வோல்ட் ஆச்சான்னு பாக்கிறது ஒண்ணுதான் தெரியும். அஞ்சாவது 1.4லயே ஏறாம நின்னுட்டா, மிச்ச 19.6 வோல்ட்டும் நாலு செல்லு தலையில, ஆளுக்கு 4.9. எல்லை 4.2ன்னு மேல சொன்னேன். அதைத் தாண்டி ஏத்திக்கிட்டே போனா செல்லு உப்பும், புகையும், தீப்பிடிக்கும். இந்த லட்சணத்துலதான் அந்த ஆளு ‘ராத்திரி முழுக்க விடுங்க’ன்னாரு. பலகை வீட்டுல, புள்ளைங்க தூங்குற ரூம்ல போட்டிருந்தா? 389 வெள்ளியைவிட எனக்கு வயித்தெரிச்சல் இதுதான். முதல் சார்ஜ் எட்டு மணி நேரங்கிறது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அது தேவையே இல்ல.

சார்ஜர் இன்னும் கேவலம். ரெண்டு முனை பிளக்கு. நம்ம மூணு ஓட்டை சுவிட்ச்ல மேல் ஓட்டையில பேனாவைக் குத்தித்தான் சொருகணும். சிரிம் தரச் சான்று ஸ்டிக்கர் கிடையாது. ‘பிரஷ்லெஸ்’னு போட்டதும் பொய். விளக்கை அணைச்சிட்டு டிரிகரை அழுத்தி, பின்னால காத்து போற பிளவு வழியா பாருங்க, நீலமா பொறி தெரிஞ்சா உள்ள கார்பன் பிரஷ் ஓடுது. சக் மட்டும்தான் சொன்ன மாதிரி 13 மில்லிமீட்டர். அதையாவது ஒத்துக்கணும்.

டிரில் தேர்ந்தெடுக்கிறது பத்தி விரிவா எழுதலாம்னுதான் உக்காந்தேன், மனசு இல்ல. அவசரத்துக்கு:

மெசினைவிட பேட்டரியைப் பாத்து வாங்குங்க. அதே பேட்டரி தனியா நம்ம ஊர்லயோ ஈப்போவிலயோ கிடைக்குமான்னு முதல்ல கேளுங்க. செங்கல் சுவத்துக்கு 18 வோல்ட் ஹேமர் டிரில் போதும். காங்கிரீட் தூண், பீம்னா எஸ்டிஎஸ் மெசின் (இன்னும் பலமா அடிச்சுத் துளைக்கிறது) வேணும், இல்லன்னா பிட்டும் எரியும் பேட்டரியும் வேகும். பெரிய கூடா இருந்து கையில தூக்கினா லேசா இருந்தா அங்கயே வச்சிடுங்க.

வாங்கின நல்ல பேட்டரியைக் காப்பாத்த: வேகம் குறைஞ்சதும் நிறுத்துங்க, சுத்தமா நிக்கிற வரைக்கும் பிழியாதீங்க. சூடா இருக்கறப்ப சார்ஜ்ல போடாதீங்க, தொட்டா குளிர்ந்திருக்கணும். வெயில்ல நிறுத்தின காடி, மோட்டார் பெட்டிக்குள்ள வைக்காதீங்க. ரெண்டு மூணு மாசம் தொடப் போறதில்லன்னா பாதி சார்ஜ்ல, மெசின்லேருந்து கழட்டி, நிழல்ல. 21 வோல்ட் சார்ஜரை 12 வோல்ட் பேட்டரியில மாட்டவே மாட்டாதீங்க, முனை ஒத்துப் போனாலும் சரி.

‘திருப்பி எடுக்கப்படாது’ சாப்பைப் பாத்து வாயை மூடிக்கிட்டு வந்துடாதீங்க. 1999ஆம் வருசப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரமான சாமானுக்குக் கொடுக்கிற உத்தரவாதத்தை ஒரு ரப்பர் சாப்பு அடிச்சு அழிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரைக்கும் போடலாம், வக்கீல் தேவையில்ல. ரிசீட்டு, பெட்டியோட படம், தராசுப் படம், வாட்சப் பேச்சு எல்லாத்தையும் எடுத்து வச்சுக்குங்க. என் புகார் ஃபாரம் பாதி நிரப்பியாச்சு. கேட்கிற தொகைன்னு இருக்கிற இடத்துல 389 எழுதியிருக்கேன்.

பிரிச்ச பேட்டரி இப்ப வீட்டுக்கு வெளிய, மணல் வாளிக்குள்ள கிடக்கு. குப்பைத் தொட்டியில போட்டுடாதீங்க, குப்பை லோரிக்குள்ள நசுங்கினா அங்க பத்திக்கும்.