பரண்மேல் கிடக்கும் ராக் எல்பிகளுக்கு எந்த பிளேயர்? டர்பன் வீடுகளுக்காக ஏடி-எல்பி60எக்ஸ் ஒரு மதிப்பீடு

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் பல வீடுகளில் இன்னும் ஒரு ரெக்கார்டு பெட்டி இருக்கிறது. மேலே முருகன் பாட்டு, அதற்குக் கீழே தமிழ் சினிமாப் பாட்டு, அடியில் லெட் செப்பெலின், பிங்க் ஃபிளாய்ட், ஈகிள்ஸ், டீப் பர்ப்பிள். அடியில் இருப்பதை வாங்கிச் சேர்த்தவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கும். ஆனால் அவர்கள் நினைவில் இருப்பது போனில் வரும் ஒலி இல்லை. முள் இறங்கும் 'தொப்', பாட்டுக்கு முந்தின அந்த இரண்டு விநாடி இரைச்சல், இத்தனையும் சேர்ந்ததுதான் அவர்களுக்கு அந்தப் பாட்டு. அதைத் திரும்பக் கொடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் இந்த மதிப்பீடு.

ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி-எல்பி60எக்ஸ் ஒரு பெல்ட் பிளேயர், முழுக்க ஆட்டோமேட்டிக். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் முள்ளைத் தாங்கும் ஆர்ம் தானே எழுந்து போய் இறங்கும். பக்கம் முடிந்ததும் தானே திரும்பும், மோட்டாரும் நின்றுவிடும். கை நடுங்கும் வயதில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. முள்ளை விளிம்பில் குறிபார்த்து வைக்கத் தெரியாததால்தான் பல எல்பிகளின் முதல் பாட்டு கீறிக் கிடக்கிறது.

பெட்டி போல மூடித் தூக்கிப் போகும் மலிவு பிளேயர்கள் அழகாக இருக்கும். வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஆர்ம் நுனியில் முள் செருகியிருக்கும் சிறு பெட்டி) இருக்கும், எல்பிமேல் 5 கிராமுக்கு மேல் அழுத்தும். இந்த பிளேயரில் அழுத்தம் சுமார் 3 கிராம், அதுவும் தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்பட்டது. ஐம்பது ஆண்டு தாண்டிய எல்பிக்கு இந்த வித்தியாசம் உயிர்போகிற வித்தியாசம்.

பெட்டியைப் பிரித்ததும் பலரும் தடுமாறுவது பெல்ட்டில்தான். பிளாட்டர் என்கிற அலுமினிய வட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்வளையத்தைச் சுற்றி ரப்பர் பெல்ட் இருக்கும், அதில் ஒரு சிவப்பு நாடா. பிளாட்டரை நடு ஊசியில் முழுதாக அமர்த்துங்கள். பிளாட்டரில் உள்ள ஓட்டையைத் திருப்பி, கீழே பித்தளை நிறத்தில் தெரியும் மோட்டார் கப்பிக்கு நேரே கொண்டுவாருங்கள். நாடாவைப் பிடித்துப் பெல்ட்டை இழுத்துக் கப்பியில் மாட்டிவிட்டு நாடாவை எடுத்துவிடுங்கள். உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. கையால் கடிகார திசையில் பத்து சுற்று சுற்றினால் பெல்ட்டில் உள்ள முறுக்கு போகும். இதைச் செய்யாதவர்கள்தான் 'பாட்டு அலைகிறது, பழுதான பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பிளாட்டர் சுற்றவே இல்லை என்றால் பெல்ட் கப்பியிலிருந்து நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். ஆர்மைக் கட்டியிருக்கும் கம்பியையும் முள்ளின் வெள்ளை உறையையும் கழற்ற மறக்க வேண்டாம்.

அடுத்த தவறு பின்புறத்துச் சிறு சுவிட்சில் நடக்கும். ஃபோனோ, லைன் என இரண்டு நிலை. ஃபோனோ என்றால் முள்ளிலிருந்து வரும் மெலிந்த ஒலி அப்படியே வெளியே போகும், லைன் என்றால் பிளேயரே அதைப் பெருக்கிக் கொடுக்கும். ஸ்பீக்கரிலேயே ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அல்லது பழைய மியூசிக் சென்டரின் ஆக்ஸ் துளையில் செருகினால், லைன். பழைய ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்றே எழுதிய துளை இருந்தால், ஃபோனோ. மாற்றிப் போட்டால் இரண்டு விதமாகக் கெடும். ஃபோனோவை ஆக்ஸில் கொடுத்தால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்து, அடித்தளமே இல்லாமல் வரும். லைனை ஃபோனோவில் கொடுத்தால் பேஸ் உப்பி, காதைக் கிழிக்கும். கடையில் 'ஸ்பீக்கர் சரியில்லை' என்று வேறு ஸ்பீக்கர் விற்பதற்கு முன்னால் இந்தச் சுவிட்சை ஒரு தடவை நகர்த்திப் பாருங்கள். ஸ்பீக்கரை பிளேயர் இருக்கும் அதே பலகையில் வைக்கவும் கூடாது. அதிர்வு முள்ளுக்கு ஏறி ஊளையிடும்.

இனி ஒலி. இங்கேதான் இந்த பிளேயரின் பலமும் பலவீனமும் ஒரே எல்பியில் தெரியும். எல்பி எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். ஆனால் வெளிவிளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளுக்கு அருகில் வெறும் 21 செ.மீ. அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி வெட்டவேண்டியிருக்கிறது. இதில் வரும் முள் உருண்டை முனை கொண்டது. நெருங்கிய அலைகளின் இடுக்கில் அது முழுதாக இறங்காது. அதனால் ஒரு பாட்டு எல்பியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே அது எப்படிக் கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

1976ல் வந்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அந்த எல்பியின் முதல் பக்கத்து முதல் பாட்டு. வெளிவிளிம்பு. கிட்டார் தந்தி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும், இந்த விலைக்கு இப்படி ஒரு தெளிவா என்று தோன்றும். 1971ல் வந்த லெட் செப்பெலினின் நான்காவது எல்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டேர்வே டு ஹெவன்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, எட்டு நிமிடம். மெதுவாகத் தொடங்கி, முள் லேபிளை நெருங்க நெருங்கச் சத்தம் ஏறி, மிக உரத்த கட்டம் மிக மோசமான இடத்தில் வந்து விழுகிறது. அங்கே குரல் கரகரக்கும், சிம்பல் தகரம்போல ஒலிக்கும். பிங்க் ஃபிளாய்டின் 1973ன் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' எல்பியில் முதல் பக்கக் கடைசிப் பாட்டில் பெண்குரல் உச்சத்துக்குப் போகும் இடத்திலும் இதே கதைதான். பிளேயர் பழுது இல்லை, எல்பி பழுது இல்லை. ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒரே பெட்டியில் இருந்த அந்தக் காலத்து ரேடியோகிராமிலும் அங்கே கரகரத்தது. சில தாத்தாக்கள் அந்தக் கரகரப்பு வரும் இடத்தையே பாட்டின் ஒரு பகுதியாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

உருண்டை முனையால் ஒரு நன்மையும் உண்டு. வீட்டு எல்பிகளில் பாதி, தேய்ந்த முள்ளாலும் கனமான ஆர்மாலும் பல ஆண்டு உழப்பட்டவை. கூர்மையான விலையுயர்ந்த முள் அந்தக் காயங்கள் அத்தனையையும் துல்லியமாகப் படித்துக் காட்டும். உருண்டை முள் கொஞ்சம் மன்னிக்கும். 60களின் மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்) எல்பிகளும் இதில் நன்றாகவே ஓடும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், இரைச்சல் கணிசமாகக் குறையும்.

வேக நிலைத்தன்மை சுமார்தான். அலைவு 0.25 சதவீதத்துக்குள் என்பது நிறுவனம் தரும் அளவு. கிட்டாரிலும் டிரம்ஸிலும் காது பிடிக்காது. பியானோவின் நீண்ட சுரத்தைக் கூர்ந்து கேட்டால் லேசாக ஆடுவது தெரியும்.

டர்பன்காரர்கள் சோதனைக்கு எடுக்க வேண்டிய எல்பி ஒன்று உண்டு. 1963ல் இதே ஊரில் உருவானது தி ஃபிளேம்ஸ் இசைக்குழு. ஃபத்தார் சகோதரர்களும் பிளாண்டி சாப்ளினும் சேர்ந்து 1968ல் 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' பாட்டால் இங்கே வீடு வீடாக நுழைந்தார்கள். 1972ல் ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும் அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்தார்கள். 1973ல் வந்த அக்குழுவின் 'ஹாலண்ட்' எல்பியில் முதல் பாட்டான 'செயில் ஆன், செய்லர்' பாட்டை முன்னின்று பாடும் குரல் நம்ம ஊர் சாப்ளினுடையது. வெளிவிளிம்பில் இருப்பதால் அந்தக் குரலின் கரடு அப்படியே வருகிறது. ஃபிளேம்ஸின் பழைய தென்னாப்பிரிக்க எல்பி உங்கள் பெட்டியில் இருந்தால் ஜம்பிள் சேலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேடி அலையும் சரக்கு அது.

அமெரிக்கப் பாடகர் ரொட்ரிகஸின் 'கோல்ட் ஃபேக்ட்' இன்னொன்று. 1970ல் அமெரிக்காவில் வந்து விலைபோகாத எல்பி, இங்கே ஒரு தலைமுறையே மனப்பாடமாக வைத்திருந்தது. தென்னாப்பிரிக்க வானொலிக் காப்பகத்தில் இருந்த பிரதியில் முதல் பாட்டான 'சுகர் மேன்' ஒலிபரப்பாகாதபடி கூர்மையான ஆயுதத்தால் கீறப்பட்டிருந்தது. வானொலி முத்திரை போட்ட எந்தப் பழைய எல்பியையும் வாங்குமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வேண்டுமென்றே போட்ட கீறல் பள்ளங்களின் குறுக்கே நேராக, ஆழமாக இருக்கும், நகம் மாட்டும். ஆட்டோமேட்டிக் ஆர்ம் நேரே அதன்மேல்தான் இறங்கும். அப்படிப்பட்ட எல்பிக்கு லிஃப்ட் பொத்தானால் ஆர்மைத் தூக்கி, கையால் இரண்டாவது பாட்டுக்கு நகர்த்தி இறக்குங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'அனதர் பிரிக் இன் த வால்' 1980ல் இந்த நாட்டில் மாணவர் பகிஷ்கரிப்பின்போது தடைசெய்யப்பட்டது. அதைத் தடைக்கு முன் வாங்கி ஒளித்துவைத்த வீடுகளில் எல்பி பெரும்பாலும் அலமாரி அடியில் படுக்கையாகக் கிடந்து வளைந்திருக்கும். இந்த பிளேயரின் ஆர்ம் லேசான வளைவைத் தாங்கும். ஓரம் அலைபோல எழும்பினால் முள் குதிக்கும், அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கவும் இதில் வழி இல்லை.

பூஞ்சை கடற்கரை ஊர்களின் தலைவிதி. எல்பியில் சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் அப்படியே போடாதீர்கள். பூஞ்சை முள்ளில் பஞ்சுபோலத் திரண்டு பாட்டு மங்கும். வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் முதலில் உலர்வாகத் துடைக்கவேண்டும். பிறகு 800 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 200 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், லேபிளில் ஈரம் படக்கூடாது. வெறும் காய்ச்சி வடித்த நீரால் மறுபடி துடைத்து, நிமிர்த்தி வைத்து அரை மணி நேரம் உலரவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு பள்ளத்திலேயே தங்கும். பழைய காகித உள்ளுறையைத் தூக்கி எறிந்துவிடுங்கள், பூஞ்சை அதில்தான் குடியிருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் பிரச்சினை தலைகீழ். குளிர்காலத்து வறட்சியில் நிலைமின்சாரம் ஏறி, எல்பியை எடுத்தால் அடியில் இருக்கும் கம்பளி விரிப்பும் ஒட்டிக்கொண்டே வரும்.

அந்தப் பெட்டியின் அடியில் கனமாக, எளிதில் உடையும் 78 வேகத் தட்டுகள் இருந்தால் கவனம். பாட்டன் காலத்துத் தமிழ் கிராமபோன் தட்டுகள் அவை. இந்த பிளேயரில் 33⅓, 45 மட்டும்தான். 78ன் பள்ளம் அகலம் என்பதால் எல்பி முள் அதன் அடியில் உரசிப் பாழாகும். மேலே சொன்ன கலவையால் அவற்றைத் துடைக்கவே கூடாது, அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். அந்தத் தட்டுகளும் முக்கியம் என்றால் கூடுதல் விலை கொடுத்து ஏடி-எல்பி120எக்ஸ் வாங்குங்கள். அதில் 78 உண்டு. கூடவே விஎம்என்95எஸ்பி என்ற 78க்கான முள்ளைத் தனியாக வாங்கிச் செருகவேண்டும். 120எக்ஸில் அழுத்தத்தை நாமே கிராம் கணக்கில் திருத்தலாம் என்பதால் வளைந்த எல்பிகளுக்கும் அதுதான் நல்லது. ஆனால் அது ஆட்டோமேட்டிக் இல்லை. தாத்தா தானே போட்டுக் கேட்கவேண்டும் என்றால் 60எக்ஸ்தான்.

மின்வெட்டு வந்தால் ஆர்ம் திரும்பாது, முள் எல்பிமேலேயே நின்றுவிடும். உடனே லிஃப்டைத் தூக்கிவிடுங்கள், மின்சாரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடாப்டர் 12 வோல்ட், சுவரில் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் மின்மாற்றி தேவையில்லை. செருகியின் வடிவம் மட்டும் நம் மூன்று உருண்டை முள் பிளக்குக்குப் பொருந்தாமல் போகலாம்.

ப்ளூடூத் உள்ள வகையும் யுஎஸ்பி உள்ள வகையும் கிடைக்கின்றன. காது மந்தமானவர் ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்க முதலாவது உதவும். எல்பியை எம்பி3 ஆக்கி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப இரண்டாவது. இரண்டும் வேண்டாம் என்றால் சாதா 60எக்ஸ் போதும், மிச்சப் பணத்தில் ஒரு மாற்று முள் வாங்கி வையுங்கள். ஏடிஎன்3600எல் என்று கேட்கவேண்டும். முன்னால் மெதுவாகக் கீழே தள்ளினால் பழையது கழன்றுவரும், புதியதைப் பின்பக்கம் கொடுத்து 'கிளிக்' என்று மேலே அழுத்தவேண்டும். முள்ளின் ஆயுள் 300 முதல் 500 மணி நேரம், எல்பி ஒன்றுக்கு 40 நிமிடம் என்று வைத்தால் 450 முதல் 750 எல்பி. மாற்றிய தேதியை ஒரு டேப்பில் எழுதி பிளேயரின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். 'ச', 'ஸ்' ஒலிகள் சீறத் தொடங்கினால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.