பீரோவில் நோட்டா, பவுனா?

2000-இல் ஒரு பவுன் சுமார் 3,500 ரூபாய். அதை 35 நூறு ரூபாய்த் தாள்களாகப் பட்டுப்புடவை மடிப்பில் வைத்தவருக்கு 2020-லும் அதே 35 தாள்கள்தான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலே 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். ஐநூறாக வைத்திருந்தால் 2016 நவம்பரில் மாற்றுவதற்கு வரிசையில் வேறு நின்றிருக்க வேண்டும்!

பவுன் வாங்கியவருக்கு? 2020-இல் அது 35,000-ஐத் தாண்டிவிட்டது. சரி, நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் திரும்பி வராது. தங்கமும் எப்போதும் ஏறாது: 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது, 2000-இல் 300-க்கும் கீழே கிடந்தது. ஆனாலும் இருபது ஆண்டுக்கு என்றால் நான் பவுனையே சொல்வேன். நடுராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் நோட்டு.