தெரபியின் முதல் மாதம்: சிபிடியா, சைக்கோடைனமிக்கா?

தனியார் சைக்காலஜிஸ்டிடம் போகலாம் என்று முடிவெடுத்ததும் நாம் விசாரிப்பது கட்டணத்தையும் எப்போது நேரம் கிடைக்கும் என்பதையும்தான். அவர் எந்த முறையில் வேலை செய்கிறவர் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் முதல் மாதம் உங்களுக்கு எப்படிப் போகும் என்பதில் பாதி அதிலேயே முடிவாகிவிடுகிறது.

இரண்டு வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதன் முக்கியமான வேர் 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை. அவர் ஃபிராய்டு தொடங்கிவைத்த மனப்பகுப்பாய்வில் பயிற்சி எடுத்துவிட்டு அதிலிருந்து விலகி வந்தவர். இன்னொன்று சைக்கோடைனமிக் தெரபி. அந்த மனப்பகுப்பாய்வின் வழியில் வந்ததுதான், ஆனால் சாய்ந்து படுக்கிற சோபாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பெரும்பாலும் எதிரெதிர் நாற்காலிதான்.

முதல் செஷன் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தூக்கம், பசி, மது, ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று நேராகவே கேட்பார்கள்; உங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்பதல்ல, எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. ரகசியம் காப்பது பற்றியும், அதற்கான விதிவிலக்குகள் பற்றியும் சொல்வார்கள்: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரியவருவது, நீதிமன்ற உத்தரவு. துல்லியமான விதி நாட்டுக்கு நாடு மாறும், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக 50 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அன்று வெளியே வரும்போது மனசு லேசாகவில்லையே என்று ஏமாற வேண்டாம், அன்று நடந்தது விவரம் சேகரிப்புதான், சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை.

வித்தியாசம் இரண்டாவது வாரத்திலிருந்து தெரியும்.

சிபிடிக்காரர் ஒவ்வொரு செஷனையும் இன்று என்னென்ன பேசப்போகிறோம் என்ற ஒரு சின்ன நிரலோடு தொடங்குவார். கையில் கேள்வித்தாள் இருக்கும். மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ-9 தாளில் ஒன்பது கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 27 வரை. பதற்றத்துக்கான ஜிஏடி-7 தாளில் ஏழு கேள்விகள், 0 முதல் 21 வரை. சில வாரங்களுக்கு ஒருமுறை அதே தாளை மறுபடி நிரப்பச் சொல்வார்கள். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், என் துக்கத்துக்கு மார்க் போடுகிறாயா என்று. எனக்கென்னவோ இது நல்ல விஷயமாகவே படுகிறது, ஏனென்றால் நமக்கே தெரியாமல் மெல்ல மெல்ல வரும் முன்னேற்றத்தை அந்த எண் காட்டிக்கொடுக்கும், முன்னேற்றமே இல்லையென்றால் அதையும் மறைக்காது.

அப்புறம் வீட்டுப்பாடம். சிபிடியின் உண்மையான வேலை செஷனுக்கு வெளியேதான் நடக்கிறது என்பதைப் பலரும் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடிய எண்ணம் என்ன, என்ன உணர்ந்தீர்கள், அந்த எண்ணத்துக்கு ஆதாரம் எது, எதிராக எது என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று படபடப்போடு வரும் கடும் பயம், பிரச்சினை என்றால் இன்னும் விநோதமாக, செஷனிலேயே வேண்டுமென்றே மூச்சை வேகமாக இழுக்கச் சொல்வார்கள், நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்வார்கள். நீங்கள் பயப்படும் அதே படபடப்பை, தலைசுற்றலை உடம்பில் வரவழைத்து, அதனால் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்கே காட்டுவது நோக்கம். ஆறுதலாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனவருக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

சைக்கோடைனமிக் செஷனில் நிரல் கிடையாது. மனதில் என்ன வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள் என்பார், பிறகு பேசாமல் இருப்பார். அந்த மௌனம் பலரைப் பதறவைக்கும். அதை நிரப்ப நீங்கள் என்ன செய்கிறீர்கள், மன்னிப்புக் கேட்கிறீர்களா, ஜோக் அடிக்கிறீர்களா, கோபப்படுகிறீர்களா என்பதையெல்லாம் அவர் கவனிப்பார். போன வாரம் நீங்கள் தாமதமாக வந்ததுகூடப் பேச்சுக்கு வரும். வெளியே உறவுகளில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் இந்த அறைக்குள்ளும், தெரபிஸ்டிடமும் தலைகாட்டும், அதை நடக்கும்போதே பிடித்துப் பார்க்கலாம் என்பது இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை. வீட்டுப்பாடம் பொதுவாக இல்லை. ஆனால் இதில் முதல் மாதம் முடியும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது, பழைய விஷயங்களைக் கிளறியதால் சில நாள் முன்பைவிட மோசமாகக்கூட இருக்கும்.

காலமும் பணமும் இங்கேதான் வந்து சேர்கின்றன. சிபிடி பெரும்பாலும் 6 முதல் 20 செஷன்களுக்குள் முடியும்படி திட்டமிடப்படும். சைக்கோடைனமிக்கில் குறுகிய கால வடிவங்கள் உண்டு, ஆனால் முடிவுத் தேதி வைக்காமல் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போவதும் சகஜம். சொந்தப் பணத்தில் போகிறவர் இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

யாருக்கு எது? ஓசிடி (வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது), குறிப்பிட்ட ஒன்றின் மீது பயம், பேனிக் என்று பிரச்சினைக்குத் தெளிவான உருவம் இருந்தால் யோசிக்காமல் சிபிடி பக்கம் போங்கள், அங்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது. வேலை மாறினாலும் துணை மாறினாலும் அதே சண்டை, அதே முறிவு என்று வாழ்க்கை சுற்றிச் சுற்றி வந்தால் இரண்டாவது வழி பொருந்தலாம். மனச்சோர்வுக்கு இரண்டுமே உதவுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. தூக்கமோ சாப்பாடோ அடியோடு கெட்டுப்போயிருந்தால் சைக்கியாட்ரிஸ்டையும், அதாவது மருந்து எழுதும் மனநல மருத்துவரையும், சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது.

நேரிலா, வீடியோவிலா என்பதற்கு நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். சிபிடி வீடியோவிலும் நன்றாகவே வேலை செய்கிறது. வீட்டில் யார் காதிலும் விழாத ஓர் அறை இல்லையென்றால் மட்டும் நேரில் போங்கள், பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள். வீடியோவில் தொடக்கத்திலேயே நீங்கள் இருக்கும் முகவரியைக் கேட்டால் பயப்படாதீர்கள், அவசரம் என்றால் உதவி அனுப்பத்தான்.

முறையைவிட ஆள் முக்கியம் என்ற வாதமும் பழையதுதான். எல்லா முறைகளுக்கும் பொதுவாக இருக்கும் அம்சங்களே குணப்படுத்துகின்றனவோ என்று உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் 1936-லேயே கேட்டுவிட்டார். இன்னொரு உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் இருவருக்கும் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையில் ஒரு பிணைப்பு. நான்காவது செஷன் வாக்கில் இந்த மூன்றையும் வைத்து உங்களையே கேட்டுப் பாருங்கள். எதற்காக வந்திருக்கிறேன் என்று அவரும் நானும் ஒரே பதிலைச் சொல்வோமா?

இல்லை என்றால் சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள், அவரிடமே சொல்லுங்கள். சிபிடிக்காரர் என்றால் திட்டத்தை மாற்றிப் பார்ப்பார், சைக்கோடைனமிக்காரர் என்றால் அந்த அதிருப்தியையே பேச்சுக்கு எடுப்பார், இரண்டும் சரிதான். முகம் சுளித்தாலோ, குற்றம் உங்கள் மீதுதான் என்றாலோ வேறு ஆளைப் பாருங்கள். போகும்முன் இதுவரை நடந்ததன் சுருக்கக் குறிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால் அடுத்தவரிடம் எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. கடைசி நேரத்தில் செஷனை ரத்து செய்தால் முழுக் கட்டணம் பிடிப்பவர்கள் நிறைய, எத்தனை மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், 24-ஆ 48-ஆ என்று முதலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.