கால்க், ஒன்லி ஆபீஸ், க்னுமெரிக்: அசோசியேஷன் கணக்குக்கு எது சரிப்படும்?

கொளத்தூரில் 24 வீடுகள் உள்ள எங்கள் அடுக்ககத்தின் பொருளாளர் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது. தண்ணி லாரி, வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு, பொது மீட்டர் ஈபி பில் எல்லாம் ஷீட்டில்தான். என்னிடம் இருப்பதோ 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். எக்செல் வாங்க அசோசியேஷன் காசைத் தொட மனசு வரவில்லை. லிப்ரே ஆபீஸின் கால்க், ஒன்லி ஆபீஸ், க்னுமெரிக் என்று ஓப்பன் சோர்ஸில் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது) கிடைக்கும் மூன்று ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள்களிலும் அதே கணக்கை ஓட்டிப் பார்த்தேன்.

கால்க்கில் எனக்கு முதலில் பிடித்தது, சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) திறக்கும் விதம். நேராகத் திறந்துவிடாமல் ஒரு பெட்டி வந்து நிற்கும்: எழுத்து எந்தக் குறியாக்கம், எது தேதி, எது வெறும் உரை? யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வரும். முதல் தடவை அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டேன். வீட்டு போன் எண்களில் 044-இன் முன்பூஜ்யம் எல்லாம் காணோம். அந்த நெடுவரிசையை உரை என்று குறித்திருந்தால் தப்பியிருக்கும். அப்புறம் முகவரி. பழைய எண், புதிய எண் என்று 3/2 போட்டால் பிப்ரவரி 3 ஆகிவிடும்! இது கால்க்குக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல, எக்செலிலும் உண்டு. செல்லை முதலிலேயே உரையாக மாற்றிவிட்டு எழுத வேண்டும்.

மொழி அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தால் 12,34,567 என்று லட்சக் கணக்கிலேயே காற்புள்ளி விழும். ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப், வேண்டிய வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபில்டர் ஃபார்முலாக்கள் 2024 ஆகஸ்டில் வந்த லிப்ரே ஆபீஸ் 24.8 பதிப்பில்தான் சேர்ந்தன, அதனால் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு தேடாதீர்கள். வெளியிலிருந்து தரவை இழுத்துச் சீர்செய்யும் எக்செலின் பவர் குவெரி போன்ற வசதி கிடையாது. எக்செலின் விபிஏ மொழியில் எழுதிய பெரிய மேக்ரோக்கள் (வேலையைத் தானே செய்யும் சிறு நிரல்கள்) பாதி ஓடும், பாதி ஓடாது.

ஆனால் ஃபைல் நம் லேப்டாப்போடு நிற்பதில்லையே. ஆடிட்டர் அனுப்புவது எக்செலின் இப்போதைய ஃபைல் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ்: கலர் கலராக, சார்ட்டோடு. கால்க் அதைத் திறக்கும், ஆனால் சார்ட்டும் எழுத்துருவும் கொஞ்சம் இடம் மாறலாம். ஒன்லி ஆபீஸ் இங்கேதான் ஜெயிக்கிறது. அதன் சொந்த வடிவமே எக்ஸ்எல்எஸ்எக்ஸ்தான். முகமும் எக்செல் சாயல், அதனால் எங்கள் செயலாளர் மாமா பத்தே நிமிடத்தில் பழகிவிட்டார். விபிஏ மேக்ரோ ஓடாது, ஜாவாஸ்கிரிப்டில் எழுதியதுதான் ஓடும். உள்ளே குரோமியம் பிரவுசர் எஞ்சின் இருப்பதால் ராமையும் நன்றாகவே விழுங்கும்.

க்னுமெரிக் பூனை மாதிரி லேசானது. புள்ளியியல் ஃபார்முலாக்களின் துல்லியத்துக்குப் பேர் போனது. ஆனால் வீடு வாரியாகப் பாக்கி எடுக்க எனக்கு பிவட் டேபிள் (வரிகளைத் தொகுத்துக் கூட்டித் தரும் அட்டவணை) வேண்டும், அது இதில் இல்லை. விண்டோஸ் பதிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. லினக்ஸ்காரர்கள் மட்டும் பாருங்கள். முன்னாள் பொருளாளர் விட்டுப்போன பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்களை மொத்தமாக மாற்ற, இதனோடு வரும் எஸ்எஸ்கன்வர்ட் கட்டளை கைகொடுத்தது. அந்தப் பழைய வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 2020-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றாளர் விவரம் விட்டுப்போனது இந்த வரம்பால்தான். கால்க்கில் 10,48,576 வரிகள் உண்டு. 24 வீட்டுக்கு அது ஏழேழு ஜென்மத்துக்கும் போதும்.

அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் பற்றிக் கேட்பீர்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸைத் திறக்கும், ஆனால் அந்த வடிவில் சேமிக்கத் தெரியாது. ஆடிட்டர் உள்ளவர்களுக்கு அதோடு கதை முடிந்தது.

நான் தினக்கணக்கைக் கால்க்கில் அதன் சொந்த வடிவமான ஓடிஎஸ் ஃபைலாக எழுதுகிறேன். மாதக் கடைசியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் நகல் எடுத்து, ஒன்லி ஆபீஸில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு ஆடிட்டருக்கு மெயில் போடுகிறேன். அந்த ஐந்து நிமிடம் லேப்டாப் ஃபேன் மட்டும் லாரி மாதிரி உறுமும்.