லேயர் பேனலைக் கண்ணால் பார்க்காமல் போஸ்டருக்கு மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் குறும்படத்தின் முதல் போஸ்டர் எங்களுக்கே பிடிக்கவில்லை. அதை மாற்றி வடிவமைக்க இணையத்தில் கிடைத்த ஒரு டிசைனரிடம் கொடுத்தோம். பெயர் சொல்லப் போவதில்லை, அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் குறைந்த செலவில் படம் எடுக்கிற எல்லோரும் இப்படி ஒருவரிடம்தான் போய் நிற்கிறோம்.

பேச்சில் குழப்பமே இல்லை. 27க்கு 40 அங்குலம், அச்சுக்குப் போகும் தரம், லேயர் பிரிந்த பிஎஸ்டி கோப்பு (எழுத்து, முகம், பின்னணி எல்லாம் தனித்தனி அடுக்காக இருக்கும் ஃபோட்டோஷாப் கோப்பு), எல்லாம் எழுத்தில் கேட்டோம், சரி என்று பதில் போட்டார். இடையில் வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரி அனுப்பினார், நன்றாகவே இருந்தது. மீதிப் பணம் வந்தால்தான் ஒரிஜினல் ஃபைல் என்று விடாமல் நச்சரித்தார், அனுப்பினோம்.

வந்த கோப்பை ஃபோட்டோஷாப்பில் திறந்தால் லேயர் பேனலில் இருந்தது ஒன்றே ஒன்று, 'பேக்ரவுண்ட்'. டைட்டில், முகங்கள், கீழே கிரெடிட் வரிகள் எல்லாம் ஒரே படமாக ஒட்டிக் கிடந்தன. ஜேபெக்கைத் திறந்து பிஎஸ்டி என்று சேமித்து அனுப்பியிருக்கிறார். ஒளிப்பதிவாளர் பெயரில் ஒரு எழுத்து தப்பு, அதைத் திருத்தவே பின்னால் இருக்கும் மலையை அழித்து மறுபடி வரைய வேண்டும்.

இமேஜ் சைஸில் பார்த்தால் 8100க்கு 12000 பிக்சல், 300 பிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல். கணக்குக்கு 27க்கு 40 சரியாக வருகிறது, ஆனால் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் தட்டலாம். ரீசாம்பிள் போட்டுப் படத்தைப் பெரிதாக்கினால் இல்லாத பிக்சல்களை அக்கம்பக்கத்து நிறத்தைப் பார்த்து மென்பொருளே நிரப்பிவிடும். நூறு சதவீத ஜூமில் வைத்து வானத்தைப் பார்த்தேன், கட்டம் கட்டமாக இருந்தது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். இங்கே ஒரு கட்டம் ஏறக்குறைய 60 பிக்சல் இருந்தது, அதாவது ஏழரை மடங்கு ஊதப்பட்ட படம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய மாதிரியின் அளவு 1080க்கு 1600, ஏழரையால் பெருக்கிப் பாருங்கள். அதே மாதிரிப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்! நிஜத்தில் 300 பிபிஐ-யில் அது நாலு அங்குல அகலம்கூட வராது.

இதைவிட என்னைக் கலங்க வைத்தது பின்னணி மலை. ஒளியையும் இருளையும் மாற்றும் கர்வ்ஸ் கருவியில் கான்ட்ராஸ்டை ஏற்றியதும் பனிமூட்டத்துக்குள் சாய்வாகக் கோடுகள் தெரிந்தன, படத்தின் மேல் உரிமையாளர் போட்டிருந்த வாட்டர்மார்க்கை, பக்கத்துப் பகுதியை நகலெடுத்துப் பூசும் குளோன் ஸ்டாம்ப்பால் தேய்த்த தடம். படத்தை வைத்துத் தேடினால் விற்பனைக்கு இருக்கும் ஒரு ஸ்டாக் புகைப்படம் வந்தது. உரிமம் வாங்கிய ரசீது கேட்டேன், தரவில்லை. இதை அச்சடித்து வெளியிட்டிருந்தால் அந்தப் புகைப்படக்காரர் கேள்வி கேட்கப் போவது போஸ்டரில் பெயர் போட்டிருக்கிற எங்களைத்தான், டிசைனரைத் தேடிக்கொண்டு போக மாட்டார்.

கேட்டதற்கு டிசைனர் முதலில் 'அச்சுக்கு இதுவே போதும்' என்றார், அப்புறம் லேயர் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றார், அப்புறம் எங்களை பிளாக் செய்துவிட்டார்.

ஆகவே, போஸ்டர் வேலை கொடுத்திருப்பவர்கள் மீதிப் பணத்துக்கு முன்னால் திரையைப் பகிரச் சொல்லுங்கள். லேயர்களின் கண் குறியை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துக் காட்டட்டும், டைட்டில் எழுத்தைத் தட்டினால் திருத்த வருகிறதா என்று பாருங்கள், ஒரு முகத்தை நூறு சதவீதத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக வேலை செய்தவருக்கு இது சில நிமிட வேலைதான். வெளிப் படங்களுக்கான உரிம ரசீதும் எழுத்துருக்களின் பெயர்களும் கோப்போடு வரவேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்ற எந்த நிற புரொஃபைல் என்று அச்சகத்தில் கேட்டு டிசைனரிடம் சொல்லிவிடுங்கள், திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும்.

எங்கள் ஸ்டில்கள் பத்திரமாக இருக்கின்றன, இப்போது வேறொருவர் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறார். பனி மூடிய மலை, வலது ஓரம் ஒற்றை மரம், இந்தப் பின்னணியோடு வேறு யாருக்காவது போஸ்டர் வந்திருந்தால் அச்சுக்கு அனுப்பும் முன் கர்வ்ஸை ஏற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.